விழுங்குவதுபோல் நடித்தவள்

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல், கனடா
தை வெள்ளி

அன்புள்ள நிரோஜா அக்காவுக்கு,

உன் சுகத்துக்காகப் பிள்ளையாரை வேண்டியபடி எழுதுகிறேன். உன் கைபேசி அத்தானிடம் இருப்பதால் இதை ஊருக்கு வரும் வலன்ரைன் அண்ணையிடம் கொடுத்தனுப்புகிறேன். "ஓம் தங்கச்சி, அவவின்ர கையிலதான் குடுப்பன்" என்று சத்தியம் செய்திருக்கிறார்.

இங்கே பனி முழங்காலளவு. படிப்பு ஓடுகிறது. இந்தத் தவணைக் கட்டுரைக்கு எனக்கு வாய்த்தது ஒரு கொலைகாரன், சிரிக்காதே. நூற்றைம்பது வருடத்துக்கு முன் இதே ஊரில் படித்த டொக்டர். லண்டனில் பெண்களுக்கு நஞ்சுக் குளிசை விழுங்கக் கொடுத்துத் தூக்கில் தொங்கியவன். அதற்குச் சில வருடம் முன் அதே லண்டனில் பெண்களைக் கத்தியால் கொன்றவன் இன்றுவரை யாரென்று தெரியாது. இருவரும் ஒருவனா என்பதுதான் கேள்வி. தூக்குமேடையில் இவன் "நான்தான்" என்றதாகக்கூட ஒரு கதை உண்டு.

இல்லை என்றே எழுதினேன். கத்திக் கொலைகள் நடந்தபோது இவன் அமெரிக்காவில் சிறையில் இருந்தான். அதோடு, கத்திக்காரன் பக்கத்தில் நின்று கொல்கிறவன். இவன் குளிசையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். செய்யாத குற்றத்தை யார்மேலும் போடக்கூடாது என்று பேராசிரியர் மெச்சினார்.

கட்டுரை முடிந்தும் எனக்கு நித்திரை இல்லை. வகுப்புக்கு மேடேறும்போது அவன் பின்னால் வருவதுபோல் இருக்கிறது. திரும்பினால் அத்தானின் முகம். அந்த டொக்டர் ஒரு பெண்ணிடம் குளிசையை நீட்டி, தன் கண்முன்னே விழுங்கச் சொன்னானாம். அத்தானும் தினமும் சத்துக் குளிசை தந்து, நீ விழுங்கும்வரை நிற்பார் என்றாயே. 'எந்தப் புருசன் இப்பிடிப் பாப்பான்' என்று அம்மாவும் பூரிக்கிறா. அவருடைய முதல் மனைவியின் செத்தவீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். உனக்குக் கால் இழுப்பதும் தாடை இறுகுவதும் எந்தச் சத்தால், அக்கா?

டொக்டருக்குக் காட்டிய நியாயத்தை அத்தானுக்கும் காட்டத்தான் பார்க்கிறேன். என் எண்ணம் பிழையென்றால் அவர் காலில் விழுகிறேன்.

டொக்டர் குளிசை நீட்டிய அந்தப் பெண் விழுங்குவதுபோல் நடித்து எறிந்துவிட்டாள். பிறகொருநாள் அவன் எதிரே போய் நின்றாள். அவனுக்கு அடையாளமே தெரியவில்லையாம்.

இன்றைய குளிசையை உள்ளங்கையில் மறைத்துவிடு. வலன்ரைன் அண்ணையிடம் கொடு, ஆஸ்பத்திரியில் சோதிக்கட்டும். அவரோடேயே அம்மா வீட்டுக்குப் போய்விடு.

எல்லோரும் உன்னைத் தீர்க்கசுமங்கலியாய் இரு என்று வாழ்த்துகிறார்கள். அவருக்கு முன்னால் நீ போக வேண்டும் என்றுதானே அதற்கு அர்த்தம். எனக்கு வாழ்த்த வயதில்லை. நீ இரு அக்கா. இருந்தால் போதும்.

உன் தங்கச்சி
வினோஜா