பெரிதாக்கிய வால்

துலூஸ், திங்கள்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? ப்ரெஸ்டனில் இன்னும் மழைதானா? நான் நன்றாக இருக்கிறேன். இங்கே நல்ல தேயிலைதான் கிடைப்பதில்லை. ஒரு பொட்டலம் அனுப்புங்கள்.

நீங்கள் வரைந்து, அரசாங்கம் கட்டாமலே கைவிட்ட அந்தப் போர் விமானத்தை ரிமோட்டில் பறக்கிற சிறு மாதிரி விமானமாகச் செய்துகொண்டிருந்தேன் அல்லவா? நேற்று அது பறந்துவிட்டது. எங்கள் மாதிரி விமானக் கிளப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். "உங்கப்பாவை நம்பாம விட்டுட்டானுங்களே, பாவிங்க!" என்று நண்பர் யானிக் கத்தினார். நான் சிரித்து மழுப்பினேன்.

வாலைப் பெரிதாக்கியிருந்தேன், அப்பா. சிறு விமானம் ஆடாமல் பறக்க, மாதிரி செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் வால் போதாது என்று சொல்லித்தானே அன்று உங்களை மறுத்தார்கள்? "அந்த வால் போதும்மா, அவனுங்களுக்குக் கணக்குத் தெரியல" என்று சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை சொன்னீர்கள்! நானும் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டேன். கிளப்பில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

நீங்கள் வரைந்த அளவிலேயே முதலில் வெட்டிய வால் என் அலமாரியில் இருக்கிறது. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். கோடையில் எல்லாவற்றையும் கொண்டுவருகிறேன். அந்த வாலை நீங்களே மாட்டுங்கள், நான் ஓட்டுகிறேன். விழுந்தால், எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லுங்கள்.

உங்கள்
ஜோசலின்