கேம் பெட்டிக்கு வைத்த பொட்டு

நகரி
9.11.2002

அன்பு மகன் ஜெயபிரகாஷுக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி கோபியும் ஏழுமலையான் புண்ணியத்தில் இருக்கிறோம், குவைத்தில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும். ஒரு தப்பைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பூத்துக்கார பழனி காதில் விழும், அப்புறம் ஊருக்கே ரேடியோ வைத்த மாதிரிதான்.

டிராக்டரிலிருந்து விழுந்து கோபியின் வலது கை ஒடிந்ததும், புத்தூர் வைத்தியர் போட்ட கட்டில் எலும்பு கூடியும் விரல் மடங்காமல் நின்றதும் உனக்குத் தெரியும். நீ அனுப்பிய வீடியோ கேமில் தினம் கார் ஓட்டித்தான் மூன்று விரல் மடங்க ஆரம்பித்தது. கட்டுக்காரரே பார்த்துவிட்டு, என் எண்ணெய் செய்யாததை இது செய்யுது, விடாதே என்றார். ஆயுத பூஜைக்கு மறுநாள் பெட்டி படுத்துவிட்டது. சிடி சுற்றுகிறது, டிவியில் ஒன்றும் வரவில்லை. யாரோ ஆடித் தேஞ்சதை என் தலையில கட்டினியா என்று அவன் உன்னைக் கேட்டான், இனி ஒரு குண்டூசிகூட அனுப்பமாட்டேன் என்று நீ போனை வைத்தாயாம். நான் வேறு பெரிய இஞ்சினியர் மாதிரி, குவைத்துச் சாமானே இப்படித்தான் என்று பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

போன வாரம் அதை உன் அம்மாவின் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனேன். ரிப்பேர் கடை கன்னையா மூடியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். பொட்டு எவரு பெட்டாரு, யார் வெச்சது சார் என்றார். பழியை உன் அம்மா தலையில் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வைத்தது நான்தானப்பா. பூஜையன்று மோட்டாருக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்து முடித்தபோது, பிள்ளைக்குக் கை கொடுக்கிற சாமான் இது, இதுக்கு இல்லாமலா என்று தோன்றியது. மூடியைத் திறந்தால் கண் மாதிரி ஒரு கண்ணாடி மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உயிர் இங்கேதான் இருக்கிறது என்று சந்தனத்தைக் குழைத்து அதன் மேலேயே அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். மேலே வெச்சா போதாதா என்று உன் அம்மா சொன்னாள், அவள் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன். காய்ந்துபோனதைக் கன்னையா ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து ஒரு மணி நேரம் துடைத்தார், சிடி ஓடியது. கடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் இந்த மூன்று வாரமும் கோபி கையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தே உட்கார்ந்துவிட்டான். மடங்கிய மூன்றில் இப்போது ஒன்றுதான் மடங்குகிறது. மற்ற இரண்டு விரலையும் நான்தான் எடுத்துக்கொண்டேன். அது திரும்ப வருமா என்று கட்டுக்காரரிடம் கேட்டேன், பார்ப்போம் என்றார், அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவனிடம் ஏதோ பார்ட் மாற்றினார்கள் என்று நாலு நாள் பொய் சொல்லி ஓட்டினேன், நேற்று சொல்லிவிட்டேன். அண்ணன்கிட்ட சொல்லிட்டியா நைனா என்று மட்டும் கேட்டான்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே, நேரத்துக்குத் துன்னு. உனக்கு ஆயுசும் நல்ல பேரும் பெருக உன் அம்மா தாட்சாயணியும் நானும் வாழ்த்துகிறோம். இனி ஞாயிறுதோறும் பத்து மணிக்குப் பழனி பூத்தில் இருப்போம், மறக்காதே. கீழே கோணலாக இருப்பது கோபி இடது கையால் எழுதியது.

உன் நைனா
நாகேந்திரன்

அண்ணா, நான் பேசினது தப்பு. போன் பண்ணு. நான்தான் எடுப்பேன்.