உன் பேர் இல்லாத கல்

அன்பு மகன் ஜோயலுக்கு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தங்கை ஜெபசெல்வியும் இங்கே உயிரோடு இருக்கிறோம், நீயும் அந்தத் துனிசியாவில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சிக்னல் இல்லம்மானு நடுவில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், ஜெபசெல்வி இதைப் படம் பிடித்து அனுப்புவாள், இதைப் பாதியில் வைக்க முடியாது.

நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். வேலை செய்யும் ஊர் ஓரத்தில் ஆள் உயரக் கற்களை நிறுத்தி மேலே பாறையை மூடி வைத்த கல்லறைகள், ஆயிரக்கணக்கான வருஷமாக அப்படியே நிற்கிறதாம், ஆட்டுப்பட்டி கட்டக்கூட அந்த ஊர்க்காரர்கள் அதிலிருந்து ஒரு கல் எடுக்க மாட்டார்களாம், உங்கள் கம்பெனியே மின்கம்பத்தைத் தள்ளி நட்டதாம். அதில் ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு சிரிக்கிறாய். பேர் தெரியாத பிணத்துக்காக மின்கம்பம் நகர்கிறது, உன் நைனாவுக்காக நீ நகரவில்லை.

நம் வழக்கம் உனக்குத் தெரியும், மகன் கையால் கல் நடும்வரை மரச் சிலுவைதான். நைனா அடக்கத்துக்கு வர முடியவில்லை, கல்லறைத் திருநாளுக்கு வந்து நடுகிறேன் என்றாய், மறு வருஷமும் அதையே சொன்னாய். நானும் ஏமாளி மாதிரி என் பிள்ளை வருவான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன மழையில் ஏரித் தண்ணீர் கல்லறைத் தோட்டத்துக்குள் ஏறி மரச் சிலுவையெல்லாம் மிதந்து வேலியில் ஒதுங்கியது, தண்ணீர் வடிந்ததும் அவரவர் குத்துமதிப்பாக ஒரு மண்மேட்டைப் பார்த்து நட்டோம். நானும் அப்படித்தான் நட்டேன், அங்கேதான் மெழுகுவத்தி ஏற்றி அழுதேன்.

போன வாரம் நம் தெரு ஞானப்பூ இறந்துபோனாள். இடம் இல்லாததால் சிலுவை இல்லாத மேட்டைத் தோண்டச் சொல்லிவிட்டார்கள். குழி வெட்டும் கங்காதரன் கடப்பாரையைப் போட்டதும் பச்சைப் பனியன் வந்திருக்கிறது. உன் கம்பெனி பேர் போட்டு நீ அனுப்பியது, அதைப் போட்டுத்தான் தன்னை அடக்கம் செய்யணும்னு உன் நைனா சாகும்முன் சொல்லி வைத்தது. நைலான் மக்கவில்லை. கங்காதரன் வீட்டுக்கே ஓடி வந்து, இன்னாக்கா இது, அண்ணன் பனியனாட்டம் கீது, கொஞ்சம் வந்து பாருனு கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். எந்த மனைவியும் பார்க்கக் கூடாததைப் பார்த்தேன். இத்தனை நாள் யாரோ ஒருத்தர் தலைமாட்டில் அழுதிருக்கிறேன், உன் மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஞானப்பூவுக்கு வேறு இடம் பார்த்தார்கள், நம் குழியை மூடினோம். மறுநாளே கல் வாங்கி வந்து நானே நட்டுவிட்டேன், ஜெபசெல்வி சிமெண்ட் குழைத்தாள். பொம்பள கல்லு நடறதானு உன் பெரியப்பா முறைத்தார். ஆம்பள அங்க எவன் கல்லு மேலயோ சாஞ்சிகினு கீறான்னு சொன்னேன். கல்லில் சாலமன் பேருக்குக் கீழே மனைவி, மகள் என்று இரண்டு பேர்தான் வெட்டியிருக்கிறது. உன் பேரை நான் சொல்லவில்லை, வெட்டுகிறவரும் கேட்கவில்லை.

வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள், வயிற்றைக் காயப்போடாதே, உனக்கு அது ஆகாது. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், கோபத்தில் இருந்தாலும் தினமும் அதைத்தான் கேட்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, அந்தக் கல்லறைகள் மேல் இனிச் சாயாதே. அந்தப் பாறையையும் யாரோ பெற்ற பிள்ளை வந்து நின்றுதான் தூக்கி வைத்திருப்பான்.

இப்படிக்கு,
சாலமன் மனைவி ஜெசிந்தா