நல்ல பிரதி வரட்டும்

12 ஜனவரி 2025, ஞாயிறு

நான் மகளுக்கு வீட்டுக் கதவைச் சாத்திவிட்டேன் என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்களாம். பிழை. கதவு திறந்துதான் இருக்கிறது. மகள் அன்ட்றியாதான் இன்னும் நல்ல பிரதியை அனுப்பவில்லை.

நடந்தது இதுதான். டிசம்பர் இருபதாம் திகதி மெல்பேர்னிலிருந்து போனில் எழுதியிருந்தாள். புருசன் ஷோன் அவளை விட்டுப் போய்விட்டானாம். மட்டக்களப்புக்கே வந்து என்னோடு இருந்துவிடலாமா என்று யோசிக்கிறாளாம். ஆங்கிலத்தில் ஐந்து வரி. கடைசியில் இரண்டு கேள்விக்குறி, மூன்று ஆச்சரியக்குறி. ‘யோசிக்கிறேன்’ என்று தொடங்கும் ஆங்கில வசனம் கேள்வியல்ல. அதற்கு முற்றுப்புள்ளி போதும். கேட்பதானால் நேராகக் கேட்டு ஒரேயொரு கேள்விக்குறி போட வேண்டும். ஆச்சரியக்குறி, வீடு நெருப்புப் பிடித்தால் ஒன்று.

ஐந்து வரியையும் கோடிட்ட தாளில் பார்த்தெழுதி, சிவப்பு மையால் திருத்தி, படமெடுத்து அன்றே அனுப்பினேன். முறை அவளுக்குத் தெரியும். கொன்வென்டில் சிஸ்டர் எங்களுக்குப் பழக்கியது: கடிதம் திருத்தி வரும், நல்ல பிரதி எழுதிக் கொடுக்க வேண்டும், அதன் பின்தான் தபால். இந்த வீட்டிலும் அதுவே. நல்ல பிரதி வந்தால்தான் பதில்.

15 ஜனவரி

வரவில்லை. பின் அறையில் ஒட்டடை அடித்தேன். சும்மா கிடக்கிறது என்பதால்தான்.

17 ஜனவரி

ஹோரேஸ் என்னைக் கலியாணம் கட்டக் கேட்டு எழுதிய கடிதத்தில் கேள்விக்குறியே இல்லை. திருத்தித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் காலை கல்லடிப் பாலம் தாண்டிச் சைக்கிளில் வந்து, சட்டைக் கையில் மரத்தூளோடு, நல்ல பிரதியை நீட்டினார். அதன் பிறகே ஓம் என்றேன். நாற்பத்தாறு வருடம் அதை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். தச்சுப் பட்டறையிலிருந்து வந்த மனிசனால் முடிந்தது. அவர் பெற்ற மகளுக்கு என்ன?

19 ஜனவரி, ஞாயிறு

பூசை முடிந்து றிக்கி வந்தான். ஹோரேஸின் தங்கை மகன். கேக்கை வாயில் வைத்துக்கொண்டே தொடங்கினான்.

“அன்ரி, அன்ட்றியா அங்க அறை தேடுறாவாம். இருக்கிற வீட்ட மாசக் கடைசிக்கு விடணுமாம். நீங்க வேணாம் எண்டுட்டீங்களாமே.”

“நான் எங்க அப்பிடிச் சொன்னன்? பிரதிக்குப் பாத்துக்கிட்டு இரிக்கன்.”

“என்ன பிரதி?”

சொன்னேன். அவனுக்குக் கேக்கை விழுங்க நேரமெடுத்தது.

“மாமா பாலத்தால வந்தாரு. அவ எந்தப் பாலத்தால வாற, அன்ரி? அவ அங்க உங்கட பதிலுக்குப் பாத்திரிக்கா. நீங்க இஞ்ச தாளுக்குப் பாத்திரிக்கீங்க. ஒரு மாசம்.”

“முறை அவக்குத் தெரியும்.”

“புருசன் விட்டுட்டுப் போன பொம்புளைக்கு முறை எங்க ஞாபகம் வாற?”

எனக்கு முன்னால் இப்படிப் பேச அவனுக்குத் துணிவு எங்கிருந்து வந்தது? தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

அவன் போனபின் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். திருத்தம் சரி. இப்போதும் சொல்வேன். ஆனால் தாளில் கீழ்ப்பாதி வெறுமையாகக் கிடக்கிறது. ஒரு வரி எழுத இடமிருந்ததே. ஏன் எழுதாமல் விட்டன்? என்ர புள்ள கேட்டது வீட்டுக்கு வரவா எண்டு — நான் குறி எண்ணிக்கிட்டு இருந்திரிக்கன்.

20 ஜனவரி

காலையில் கடிதம் எழுதி, படமெடுத்து அனுப்பினேன். அது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் பதிகிறேன். ஆங்கிலத்தில் பதிந்தால் திருத்தத் தொடங்கிவிடுவேன்.

அன்புள்ள அன்ட்றியா,

வா. டிசம்பர் இருபதாம் திகதியே நான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டிய சொல் இது. பின் அறை கூட்டியிருக்கிறது. வாவிப் பக்க ஜன்னல் இறுகிக் கிடக்கிறது. றிக்கி மரத்தைச் சீவித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அங்கே அறை எதற்கும் கையெழுத்துப் போடாதே.

இந்தத் தாளில் இரண்டு இடத்தில் மை ஊறிவிட்டது. நான் நல்ல பிரதி எழுதவில்லை. நீயும் எழுத வேண்டாம்.

எந்தத் திகதி வருகிறாய் என்று எழுதி அனுப்பு.

மம்மி