உரக்கச் செய்த ஜெபம்

இராஜபாளையம்,
21 மார்ச் 1939

ஸ்ரீவில்லிபுத்தூர் மதினி ஏசம்மாள் அவர்களுக்கு அன்னாள் எழுதுவது.

ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கத்தான் கை பழகியிருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு அது வேண்டாம். உங்கள் தம்பி வீட்டை விட்டுப் போய் இன்றோடு ஆறு நாள் ஆகிறது. போகவைத்தது நீங்கள்.

நூல் மில்லில் அவரை வேலையிலிருந்து நிறுத்தியதையும் வீட்டில் அரிசி தீர்ந்ததையும் உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். தனி ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், வெளியே தெரியவேண்டாம் என்று அடியில் கோடு போட்டு எழுதினேன். லெந்து நாள் வந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. அடுப்பு எரியாவிட்டால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. உபவாசம் என்று அவரே சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டார். பிள்ளைகள் இரண்டுக்கும் தெருவில் விற்கிற கேப்பைக் கூழ் காலணாவுக்குக் கிடைத்தது. ஈஸ்டருக்குள் வேறொரு மில்லில் சேர்த்துவிடுவதாக மேஸ்திரி ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை மானத்தோடு ஓட்டியிருப்போம்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? அவர் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை உங்கள் சபை லெந்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, "என் தம்பி ஜெபதுரை வீட்டுல அடுப்பு பத்தவச்சு எட்டு நாளாச்சே ஆண்டவரே" என்று கதறியிருக்கிறீர்கள். நான் எழுதியது நாலு நாள். உங்கள் ஜெபத்தில் அது எட்டாகிவிட்டது. பின்வரிசையில் எங்கள் சபைப் பரிபூரணம் உட்கார்ந்திருந்தாளாம், பிறந்த வீட்டுக்கு வந்தவள். அவளும் உங்களோடு சேர்ந்து அழுதாளாம். அழுது முடித்து அடுத்த பஸ்ஸில் இங்கே வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கைப்பிடி அரிசி வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஏழைகளுக்கென்று ஒரு பிடி எடுத்துவைக்கிறார்களே, அந்த அரிசி. ஒன்பது வருஷமாக அதை வீடுவீடாக வாங்கி, இல்லாதவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவர் உங்கள் தம்பிதான். அதே சாக்கு அவர் வாசலிலேயே வந்து இறங்கியது. கூட நாலு பெண்கள். தெருவே பார்த்தது. பரிபூரணம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா" என்றாள். அவர் எல்லாருக்கும் நன்றி சொல்லி வாங்கி வைத்தார். பொங்கினேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள், நானும் சாப்பிட்டேன். அவர் தொடவில்லை. புதன்கிழமை காலையில், சோழபுரத்தில் களத்து வேலை கேட்டுவருகிறேன் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனவர்தான்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. எலியா தீர்க்கதரிசிக்குக் காகம் அப்பம் கொண்டுவந்ததுபோல உங்கள் ஜெபத்தால் எங்களுக்கு அரிசி வந்தது, பார்த்தாயா என்று எழுதியிருக்கிறீர்கள். காகம் அப்பத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் பறந்துபோனது மதினி. யாருக்குப் போட்டேன் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

பக்கத்து வீட்டுச் சங்கையா சோழபுரம் போய் விசாரித்தார். அங்கே இவர் போகவேயில்லை. "அவிய ஸ்ரீவில்லிபுத்தூர்ல வத்திராயிருப்பு பஸ் ஏறுனாவளாம்" என்று வந்து சொல்கிறார். உங்கள் தெரு முனையில்தானே அந்தப் பஸ் நிற்கும்? கூடப் பிறந்த அக்காள் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறார். அதை நினைத்து நன்றாக அழுங்கள்.

அழுது முடித்து ஒன்று செய்யுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மறுபடியும் எழுந்து நில்லுங்கள். பேரைச் சொல்லுங்கள். இடது புருவத்தில் தழும்பு இருக்கும், வலது காலைச் சற்றுச் சாய்த்து நடப்பார் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். மூன்று நாள் பட்டினியோடு கிளம்பியவர் என்றும் சொல்லுங்கள். கர்த்தருக்கு இதெல்லாம் தெரியும். அங்கே வத்திராயிருப்பு ஆட்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் காதில் விழவேண்டும். வீட்டுக்கு வந்தால் அன்னாள் ஒரு கேள்வியும் கேட்கமாட்டாள், வந்தால் போதும் என்கிறாள் என்பதையும் சேர்த்து, உங்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாக ஜெபியுங்கள்.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி மனைவி,
அன்னாள்