முகம் காட்ட மாட்டோம் என்றீர்களே, டீச்சர்

இன்று மதியம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்தாள். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்ந்த சொதி வாசனை. அவள் அப்பா தென்காசியிலிருந்து எங்கள் பக்கத்து வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர். “சாப்பிடுதியளா டீச்சர்?” என்று நீட்டினாள். ஒரு வாய் வாங்கினேன். நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, டீச்சர்.

இந்தப் பள்ளிக்குள் சொதியைக் கொண்டுவந்ததே அதே தென்காசிப் பக்கத்துக்காரரான நீங்கள்தான். சார்ட் பேப்பரில் நதி வரைந்து ஒட்டியது போதும் என்று சொல்லி, நாம் இருவரும் புவியியல் செயல்திட்டத்தைப் புதிதாகத் தொடங்கிய வருடம் அது. மைதானத்தில் கோலமாவால் தமிழ்நாட்டு வரைபடம் போட்டோம். பிள்ளைகள் கொண்டுவந்த சாப்பாட்டை, அதன் அரிசியும் மிளகாயும் கருவாடும் வந்த ஊர்களின் மேல் வைத்தார்கள். உள்ளூர்ப் பெண் காயத்ரி மட்டும் தட்டோடு நின்றாள்.

“எங்க வெக்கிறதுன்னு தெரியல டீச்சர். இது ரேஷன் அரிசி. எங்க நெலம் இப்ப கம்பெனி பார்க்கிங்கா கீது.”

அன்று உங்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அது நடிப்பு இல்லை. அதனால்தான் பிறகு நடந்தது இன்னும் வலிக்கிறது.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் அறையில், கட்டம் கட்டமாக அடுக்கிக் கட்டும் ஆன்லைன் விளையாட்டில், பிள்ளைகள் ஊரையே கட்டினார்கள். வரத்துக்கால்வாயில் தண்ணீர் விட்டதும் காயத்ரி கத்தினாள்: “கம்பெனி செவுத்துல முட்டிக்கினு நிக்குது டீச்சர்! ஏரிக்கு வரவே இல்ல!” அப்படியானால் ஏரியில் இருப்பது எந்தத் தண்ணீர்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் நம் படம்.

பதில் தெரிந்தவர் காயத்ரியின் அம்மா தேவகி. அந்தக் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினார். எந்தெந்த நாளில் குழாயைத் திறந்து கழிவுநீரை ஏரியில் விடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பேசப் பயந்தார். நான்தான் வீடு தேடிப் போய்க் கேட்டேன். நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: “மொகம் தெரியாதுக்கா. கொரலையும் மாத்திருதோம். நான் பாத்துக்கிடுதேன்.” அந்தச் சொல்லை நம்பி அவர் கேமரா முன்னால் உட்கார்ந்தார்.

படம் எடுத்து முடித்த அடுத்த திங்கட்கிழமை காலை தேவகி பள்ளி வாசலில் நின்றார். வேலை போய்விட்டது. கம்பெனி மேலதிகாரி தன் செல்போனில், தேவகி பேசிய படத்தை அவருக்கே போட்டுக் காட்டினாராம், முகத்தோடு, குரலோடு. “நீங்க கேட்டீங்கன்னுதான டீச்சர் பேசுனேன்?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடி வந்தேன். நீங்கள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள். படம் அவர்கள் கைக்கு எப்படிப் போனது என்று கேட்டேன்.

“கம்பெனியில பாத்துட்டுத் தாரோம்னாவ. பாக்கத்தான குடுத்தேன்? பிள்ளைகளுக்குப் புதுக் கம்ப்யூட்டர் தாராவல்லா.”

“மறைக்காமயே குடுத்தீங்களா?”

நீங்கள் பேனாவை மூடவில்லை. “அவசரத்துல அனுப்பிட்டேன்” என்றீர்கள்.

அந்தக் குழாய்க் காட்சியும் தேவகியும் இல்லாத படத்துக்கு மாவட்டத்தில் பரிசு கிடைத்தது. மேடையில் உங்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கும்தான். நான் கழற்றி எறியவில்லை, கை தட்டினேன். காயத்ரி முன்வரிசையில் இருந்தாள். அவள் தட்டவில்லை.

அதன்பிறகு நீங்கள் மாற்றலாகிப் போனீர்கள். நோய் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மெலிந்து போயிருந்தீர்கள். “இன்னும் கோவமா இருக்கியளா?” என்றீர்கள். தேவகி எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள் எனக் காத்திருந்தேன். கேட்கவில்லை. நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். வரவில்லை, டீச்சர். ஆனால் நீங்கள் கற்பனை செய்த அந்த வகுப்பை நான் விடவில்லை. எடுத்த படத்தை முதலில் பேசியவருக்குப் போட்டுக் காட்டுகிறோம்; அவர் வேண்டாம் என்றால் அங்கேயே அழிக்கிறோம்.

தேவகி இப்போது மணிமங்கலத்தில் ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறார். போன மாதம் போய், மேடையில் நான் சால்வையோடு நின்றதைச் சொன்னேன். “தெரியும், பொண்ணு சொல்லிச்சு” என்றார். உள்ளே கூப்பிடவில்லை.

இந்த வருடப் பிள்ளைகளும் ஏரியைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். யார் பேசுவது என்று கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை. நேற்று அந்தக் குழாய்ப் பக்கத்தில் நான் போய் நின்றேன். செல்போனைப் பிடித்திருந்த பெண், “மூஞ்சிய மறைச்சிடலாமா டீச்சர்?” என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் பெயரிலிருந்து ஆரம்பித்தேன்.