நான்காவது போல்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறார்களா?

சைக்கிளை ஏற்றிப் போக என் சின்னக் காரின் பின்பக்கம் ஓர் இரும்புச் சட்டம் பொருத்தப்போகிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா? சட்டத்தைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. நான் என் தடித்த புத்தகங்களை அடுக்கி முட்டுக்கொடுத்து, மூன்று போல்ட்டுகளை முடுக்கிவிட்டேன். நான்காவதை எடுக்கும்போது, உங்களோடு படித்து, இப்போது இங்கே ரிச்சர்ட்சனில் இருக்கும் கிருபைராஜ் அங்கிள் வந்து நின்றார்.

"அப்பா போன் பண்ணாரும்மா. பொண்ணு காருக்கு அடியில தனியா கெடக்குறாளேன்னு ஒரே கவலை. நகரு."

"முடிஞ்சிடுச்சு அங்கிள். எவ்வளவு டைட் பண்ணணும்னு இதுல போட்டிருக்கு."

"அதெல்லாம் கைக்கே தெரியும். நீ டார்ச்சைப் பிடி, போதும்."

கையேட்டை மடித்து அதன்மேல் முழங்காலை ஊன்றினார். இறுக்கு இறுக்கென்று இறுக்கி, போல்ட்டின் மரையைக் கெடுத்துவிட்டார். காபி கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினேன். பயப்படாதீர்கள், காரை ஓட்டலாம். சைக்கிளைத்தான் ஏற்ற முடியாது.

அப்பா, இனி என்னைக் கேட்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன். வரும் சனிக்கிழமை மாலை புது போல்ட்டை நானே மாட்டுவேன். உங்களுக்கு அப்போது ஞாயிறு காலை ஆறரை. ஆலயத்துக்குக் கிளம்புமுன் வீடியோவில் வாருங்கள். எதுவும் சொல்லித்தர வேண்டாம். நான் முடிக்கும்வரை போனை வைக்காமல் இருந்தால் போதும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

ஜெபினா
ரிச்சர்ட்சன்